மெட்ராஸ் தூர்தர்ஷன்: 8:40க்கு மேல தமிழ் எங்க போச்சு?

சேப்பாக்கம்வாசி:

இங்க டிரான்ஸ்மிட்டர்ல வேலை பாத்தவங்க, ஸ்டுடியோவுக்கு கேஷுவலா போய் வந்தவங்க, மொட்டைமாடில ஆன்டெனா திருப்பியே வளந்தவங்கன்னு எல்லாரும் இருக்கீங்க, அதனால இதை இங்கயே போடறேன். மெட்ராஸ் தூர்தர்ஷனோட கதைய ஒழுங்கா ஒரு தடவை எழுதி வைக்கணும்னு ஆசை. எங்க பாத்தாலும் ஒரே வரிதான் இருக்கு, 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சாங்க, ஒளியும் ஒலியும்னு சினிமாப் பாட்டு போட்டாங்க, 1993ல சன் டிவி வந்துச்சு, முடிஞ்சுது. எனக்கு இது பத்தல.

முதல்ல ஒண்ணு. டெல்லில டிவி வந்தது 1959 செப்டம்பர் 15. அடுத்த ஊருக்கு வர 13 வருஷம் ஆச்சு, பம்பாய்க்கு 1972 அக்டோபர் 2. அப்புறம் 1975ல கல்கத்தா, மெட்ராஸ், லக்னோ மூணும் ஒரே வருஷம். எமர்ஜென்சி அறிவிச்சு ரெண்டு மாசம் கூட ஆகாத நேரத்துல நம்ம ஊர் நிலையம் திறக்குது. அப்ப டிவிங்கிறது தனி அமைப்பு கிடையாது, ஆல் இந்தியா ரேடியோவுக்குள்ள ஒரு பிரிவு, 1976 ஏப்ரல் 1 அன்னைக்குத்தான் தூர்தர்ஷன்னு பிரிச்சாங்க. அதனாலதான் ஆரம்ப கால நிகழ்ச்சிகள்ல ரேடியோ வாசனை அவ்வளவு இருக்கும்: அறிவிப்பாளர் வந்து வணக்கம் சொல்றது, விவசாய நிகழ்ச்சி, நாடகம், கச்சேரி, நேயர் கடிதம், எல்லாமே வானொலில இருந்து வந்த வடிவங்கள்.

என் கருத்து என்னன்னா, இந்த நிலையத்தோட பலவீனம் 1993ல வரல, 1982லயே உள்ள வந்துடுச்சு. 1982 ஆகஸ்ட் 15ல இருந்து நேஷனல் புரோகிராம். ராத்திரி 8:40 ஆனா டெல்லிக்கு மாறிடும், ஹிந்தி செய்தி, ஹிந்தி சீரியல், இங்கிலீஷ் செய்தி, அவ்வளவுதான். வீட்ல எல்லாரும் சாப்பிட்டு உக்கார்ற நேரம் முழுக்க டெல்லிக்குப் போச்சு. தமிழுக்குக் கிடைச்சது சாயங்காலம் மட்டும். இதைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க, எதிர்த்தாலும் சரி.

கொடை_டவர்:

டிரான்ஸ்மிஷன் பக்கம் இருந்து நான் சொல்றேன். நீங்க சொல்றது மெட்ராஸ்காரங்க கதை. உங்களுக்கு 8:40 வரைக்குமாவது தமிழ் இருந்துச்சு, வெளியூர்க்காரனுக்கு அதுவும் இல்ல சார்.

விஷயம் இதுதான். மெட்ராஸ் டிரான்ஸ்மிட்டர் என்ன பவர்ல அனுப்பினாலும் டிவி சிக்னல் நேர்கோட்டுல போறது, பூமி வளைஞ்சுடும், மெட்ராஸ சுத்தி செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் வரைக்கும் நல்லா வரும், அதுக்கு மேல ஆன்டெனா உயரமும் அதிர்ஷ்டமும்தான். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர்ல 1975ல டிவி வாங்கி வச்சிருந்தாலும் அதுல ஒண்ணும் தெரியாது. 1983 ஆகஸ்ட்ல இன்சாட் 1பி மேல போச்சு, சேலஞ்சர் ஷட்டில்ல ஏத்தி அனுப்புனாங்க. அதுக்கப்புறம்தான் ஊர் ஊரா எல்பிடி, அதாவது லோ பவர் டிரான்ஸ்மிட்டர். வெறும் 100 வாட்ஸ். ஒரு சின்ன ரூம், ஒரு டிஷ், ஒரு டவர், சுத்தி 15, 20 கிலோமீட்டர். 1984ல நாடு முழுக்க தினம் ஒண்ணுங்கிற வேகத்துல திறந்தாங்க.

ஆனா அந்த டிஷ் எதைப் பிடிக்கும்? சேட்டிலைட்ல டெல்லி என்ன ஏத்துறானோ அதைத்தான். மெட்ராஸ் ஸ்டுடியோவுல தமிழ் நாடகம் ஓடிட்டிருக்கும், அது சேட்டிலைட்டுக்கே போகல, அப்புறம் எல்பிடி எப்படிக் கொடுக்கும்? தமிழ்நாட்டுல பல ஊர்க்காரங்க முதமுதல்ல டிவில கேட்ட மொழி ஹிந்தி. இதை யாரும் எழுத மாட்டேங்கிறாங்க. தமிழ் நிலையம் ஒண்ணு இருந்துச்சு, தமிழ்நாடு முழுக்க டவரும் இருந்துச்சு, ரெண்டையும் சேக்குற கம்பிதான் இல்ல.

அதை மாத்துனது கொடைக்கானல். மலை உச்சி 2,000 மீட்டருக்கு மேல, அங்க ஹை பவர் டிரான்ஸ்மிட்டர் வச்சா அடிவானம் 180, 190 கிலோமீட்டர் தாண்டும், கணக்கு போட்டுப் பாருங்க, மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், திருச்சி, திருநெல்வேலி வரைக்கும் ஒரே டவர். எண்பதுகளோட பிற்பாதில அது வந்தப்புறம் தான் தெக்கத்தி ஜனங்களுக்கு மெட்ராஸ் நிகழ்ச்சி வீட்டுக்குள்ள வந்துச்சு. ஊர்ப்பக்கம் எங்க போனாலும் எல்லா ஆன்டெனாவும் ஒரே திசைய பாத்து நிக்கும், புது ஊருக்குப் போனா அத வச்சே கொடைக்கானல் எந்தப் பக்கம்னு சொல்லிடலாம்.

டூட்டி எப்படி இருக்கும்னு கேப்பீங்க. மணிக்கொரு தடவை மீட்டர் ரீடிங் எடுத்து லாக் புக்ல எழுதணும், ஃபார்வர்ட் பவர் எவ்வளவு, ரிஃப்ளெக்டட் பவர் எவ்வளவுன்னு. ரிஃப்ளெக்டட் ஏறுனா ஆன்டெனாலயோ ஃபீடர் கேபிள்லயோ கோளாறு, உடனே பவர குறைக்கணும், இல்லன்னா டியூப் போயிடும். மலையில மின்னல் பெரிய எதிரி. கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடணும், அது எடுக்குற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள அத்தனை மாவட்டத்துலயும் ஜனங்க டிவிய தட்டிட்டு இருப்பாங்கன்னு நினைச்சா கை பதறும். குறிப்பா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் ஓடும்போது.

தூத்துக்குடி_அலை:

கொடை அண்ணாச்சி சொல்றது அத்தனையும் உண்மை. எங்க ஊர் கதைய கேட்டா இன்னும் ஒருபடி மேல போகும். எங்களுக்கு முத டிவி மெட்ராஸும் இல்ல டெல்லியும் இல்ல, இலங்கை ரூபவாஹினி. 1982 பிப்ரவரில ஆரம்பிச்சாவ, ஜப்பான் உதவில கட்டுனது, பிதுருதலாகலைங்கிற மலை மேல டிரான்ஸ்மிட்டர், இலங்கையிலயே உசரமான மலை, 2,524 மீட்டர். தூத்துக்குடி, திருச்செந்தூர், ராமநாதபுரம், நாகப்பட்டினம் வரைக்கும் கடக்கரை ஊரெல்லாம் அதப் பாத்துத்தான் வளந்துச்சு. மூங்கில் கம்பு, ஜிஐ பைப்பு எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு கட்டி அதுக்கு மேல ஆன்டெனா, நடுவுல பூஸ்டர்.

ஒரு விசயம் யாராவது விளக்குங்க. சில ராத்திரி கண்ணாடி மாதிரி தெளிவா வரும், மறுநாள் பூரா புள்ளி புள்ளியா இரையும். காத்தடிச்சா கம்பு திரும்பிக்கிடும் அது வேற, காத்தே இல்லாத நாள்லதான் நல்லா வரும்.

அதுலதான் நாங்க தமிழ்ச் செய்தி பாத்தோம், தமிழ்ப்படம் பாத்தோம், சிங்கள விளம்பரம் மனப்பாடம். நம்ம மாநிலத்து தமிழ் நிலையம் எங்க கண்ணுல படுறதுக்கு முன்னால பக்கத்து நாட்டோட தமிழ் எங்க வீட்டுக்குள்ள வந்துட்டு. அந்த வருத்தம் எனக்கு இப்பவும் உண்டு.

கொடை_டவர்:

காத்தில்லாத நாள்ல நல்லா வர்றதுக்குக் காரணம் டக்டிங். அந்த மலைல இருந்து அடிவானம் 200 கிலோமீட்டர் சொச்சம்தான், தூத்துக்குடி 350 கிட்ட இருக்கு, நேரா வர வாய்ப்பில்ல. ஆனா கடல் மேல அடில ஈரமான குளிர்ந்த காத்தும் மேல வெதுவெதுப்பான வறண்ட காத்தும் அடுக்கா நின்னுச்சுன்னா சிக்னல் அந்த அடுக்குக்குள்ள மாட்டிக்கிட்டு கடலோட வளைவு கூடவே வளைஞ்சு வந்துடும். காத்தடிச்சா அடுக்கு கலைஞ்சுடும், படமும் போயிடும். அதனால வெயில் காலத்து அமைதியான ராத்திரி உங்களுக்கு நல்ல ராத்திரி.

வடமராட்சியான்:

இந்த இழைய இண்டைக்குத்தான் பாத்தன், எங்கட பக்கத்துக் கதையையும் எழுதிவிடுறன். நீங்கள் ரூபவாஹினி பாக்க கம்பம் நட்டமாதிரி நாங்கள் தூரதர்சன் பாக்க கம்பம் நட்டனாங்கள். யாழ்ப்பாணத்தில வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒளியும் ஒலியும் பாக்கிறதுக்கு டிவி இருக்கிற வீட்டு முத்தத்தில சனம் நிறைஞ்சிடும். கொழும்பில ஐடிஎன் எண்ட டிவி 1979இலயே வந்திட்டுது, பிறகு ரூபவாஹினி, ஆனா அதுகளில தமிழுக்கு ஒதுக்கின நேரம் கொஞ்சம்தான். அதனால நாங்கள் வடக்க பாத்து ஆன்டெனாவைத் திருப்பினம்.

கொக்காவிலில இருந்த ரூபவாஹினி அஞ்சல் நிலையம், அதாவது சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பிற நிலையம், 1990 சண்டையில போனது, புதுக் கோபுரம் 2011இலதான் வந்தது. அந்தத் தொண்ணூறுகளில எங்களுக்கு மின்சாரமே இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். எண்டாலும் ஜெனரேட்டர் கிடைக்கிற நாளில முதல் வேலை டிவியைப் போட்டு இந்தியா வருதோ எண்டு பாக்கிறதுதான். உங்கட நிலையத்தின்ர வரலாறு எழுதேக்க எங்களையும் பார்வையாளரா எழுதுங்கோ. டெல்லியில இருந்த ஒருத்தரும் எங்களை எண்ணினதில்லை, ஆனா நாங்கள் இருந்தனாங்கள்.

கொடை_டவர்:

கண்டிப்பா எழுதணும் ஐயா. பின்னாடி ராமேஸ்வரத்துல ஒரு டவர் வச்சாங்க, கான்கிரீட், 323 மீட்டர். தீவுல போய் அவ்வளவு உயரம் கட்டுனா அது எந்தத் திசைக்குப் போய்ச் சேரும்னு மேப் பாத்தாலே தெரியும்.

மைக்_டெஸ்ட்:

எண்பதுகள்ல நிகழ்ச்சிப் பிரிவுல கேஷுவலா போய்ட்டு வந்தவன் நான், அதாவது மாசத்துல சில நாள் புக்கிங், அன்னைக்கு வேலை அன்னைக்கு சம்பளம். ஸ்டுடியோ பக்கம் எப்படி ஓடுச்சுன்னு இந்தத் தலைமுறைக்குத் தெரியணும்னு நினைக்கிறேன், ஏன்னா இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல பிளேலிஸ்ட் போட்டா போதும்.

எல்லாத்துக்கும் ஆதாரம் ஒரு அட்டவணை, ஃபிக்ஸட் பாயின்ட் சார்ட், எஃப்பிசின்னு சொல்வோம். மூணு மாசத்துக்கு எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எந்த வகை நிகழ்ச்சின்னு அதுல இருக்கும். அதுல இருந்து அன்னன்னைக்கு க்யூ ஷீட். க்யூ ஷீட்ல வினாடிக் கணக்கு: இந்த டேப் இத்தனை நிமிஷம் இத்தனை செகண்ட், அடுத்து அறிவிப்பாளர் இவ்வளவு, அடுத்து ஸ்லைடு. டேப் சொன்ன நேரத்தைவிட 40 செகண்ட் சீக்கிரம் முடிஞ்சா அந்த 40 செகண்ட நிரப்பணும், அதுக்குத்தான் பூ, மயில், கடல்னு ஓடுற அந்தத் துண்டு இசைப் படங்கள். ஏன்னா 8:40க்கு டெல்லி காத்திருக்காது, நம்ம நாடகம் கிளைமாக்ஸ்ல இருந்தாலும் சரி, கடியாரம் அடிச்சா கொடுத்தே ஆகணும். அதனால தமிழ் நிகழ்ச்சி போடறவங்க எல்லாரும் பின்பக்கம் சுவர் இருக்குங்கிற நினைப்புலயே எடிட் பண்ணுவாங்க. சேப்பாக்கம்வாசி சொல்ற விஷயம் எங்களுக்கு தினசரி அனுபவம்.

செய்திக்கு ஆரம்பத்துல 16 எம்எம் ஃபிலிம். காலைல ஒரு விழா, கேமராமேன் போய் எடுத்து வந்து, ஃபிலிம லேப்ல கழுவி, காய வச்சு, வெட்டி ஒட்டி, டெலிசினில ஏத்தணும். டெலிசினின்னா ப்ரொஜெக்டர்ல ஓடுற ஃபிலிம டிவி சிக்னலா மாத்துற மெஷின். அதனால சாயங்காலம் நடக்குற எந்த விழாவும் அன்னைக்கு செய்தில படமா வராது, வாசிக்க மட்டும்தான் முடியும். யு-மாட்டிக் வீடியோ கேசட் வந்தப்புறம்தான் அந்த அவதி குறைஞ்சுது, அப்புறம் பீட்டாகேம். ஷோபனா ரவி, வரதராஜன் மாதிரியானவங்க வாசிச்ச தமிழ எல்லாரும் இன்னைக்கும் நினைவு வச்சிருக்காங்கன்னா, பாதி நேரம் திரையில வேற படமே கிடையாது, அந்த முகமும் உச்சரிப்பும்தான் செய்தி. ழகரம் தப்புனா மறுநாள் கடிதம் வந்துடும். அந்தக் கடிதத்தையும் மறைக்காம எதிரொலி நிகழ்ச்சில வாசிச்சு பதில் சொல்லியாகணும். ஒரு அரசாங்க நிலையம் தன்னைத் திட்டி வந்த கடிதத்த தானே வாசிக்கிறது சாதாரண விஷயமில்ல, இப்ப எந்த சேனல்ல அது இருக்கு சொல்லுங்க.

தடங்கலுக்கு வருந்துகிறோம் ஸ்லைட பத்தியும் சொல்லிடறேன். அது எப்பவும் நம்ம ஸ்டுடியோ கோளாறுன்னு ஜனங்க நினைப்பாங்க. பாதி நேரம் டேப் ஹெட்ல அழுக்கு, மீதி நேரம் வெளில இருந்து வர்ற லிங்க் அறுந்திருக்கும்.

கணக்குப்புள்ள:

மன்னிக்கணும், நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. நேஷனல் புரோகிராம் மேல எல்லாப் பழியையும் போடறது நியாயமில்லன்னு தோணுது. அது இல்லாம இன்சாட் நெட்வொர்க் இல்ல, கலர் இல்ல, அந்த எல்பிடிக்கெல்லாம் பணமும் இல்ல. 1982ல டெல்லில ஏசியாட் விளையாட்டுப் போட்டி வருதுன்னுதான் கலர் வந்துச்சு. கொடைக்கானல் டவருக்கு காசு எங்கிருந்து வந்துச்சு? ராமாயணம் 1987 ஜனவரில ஆரம்பிச்சப்ப ஞாயித்துக்கிழமை காலைல நம்ம தெருவுலயும் ஆள் நடமாட்டம் இருக்காது, ஹிந்தி புரியாதவங்கதானே எல்லாரும் உக்காந்து பாத்தாங்க.

நிலையம் தேஞ்சதுக்கு உண்மையான காரணம் பணமும் முடிவெடுக்குற வேகமும். 1976 ஜனவரி 1ல இருந்தே விளம்பரம் வாங்கினாங்க, ஆனா அந்தப் பணம் நிலையத்துக்கு வராது, மத்திய அரசு கஜானாவுக்குப் போகும். மெட்ராஸ் நிலையம் ஒரு நல்ல சீரியல் போட்டு ஸ்பான்சர் குவிஞ்சா கூட அடுத்த சீரியலுக்கு அதுல ஒரு ரூபா எடுத்துப் போட முடியாது. அப்புறம் ஸ்பான்சர் முறை வந்துச்சு, தயாரிப்பாளர் தன் காசுல எடுத்து, ஒளிபரப்புக் கட்டணம் கட்டி, பதிலுக்கு இத்தனை செகண்ட் விளம்பர நேரம்னு வாங்கிக்குவார், எஃப்சிடின்னு பேரு. அதுவும் பதிமூணு பதிமூணு வாரமா. பதிமூணாவது வாரம் கதை சூடு பிடிக்கும், நீட்டிப்புக்கு ஃபைல் போகும், அது திரும்பி வர்றதுக்குள்ள ஜனங்க மறந்துடுவாங்க. இந்த அமைப்ப வச்சுக்கிட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் தமிழுக்கே கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

சேப்பாக்கம்வாசி:

கணக்குப்புள்ள, பணம் பத்தி நீங்க சொன்னது முழுக்க ஏத்துக்கறேன், அதை நான் என் குறிப்புல சேத்துட்டேன். ஆனா நேரத்த தள்ளி வைக்க முடியாது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு சன் டிவி வருது. அப்ப அவங்ககிட்ட 24 மணி நேரம் கிடையாது, சேட்டிலைட்ல சிக்னல வாங்கி திருப்பி அனுப்புற டிரான்ஸ்பாண்டர்ல சில மணி நேரம் மட்டும். தனியார் இந்தியால இருந்து சேட்டிலைட்டுக்கு ஏத்தவே அனுமதி இல்லாத காலம், டேப்ப விமானத்துல வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கிருந்து மேல ஏத்தணும். அவ்வளவு சிரமத்துல கெடைச்ச நேரத்துல அவங்க என்ன போட்டாங்க? தமிழ். எந்த ராத்திரி நேரத்துல நம்ம நிலையம் கையக் கட்டி நின்னுச்சோ அந்த நேரத்துல தமிழ்.

தூர்தர்ஷனும் அதே சமயத்துல தமிழுக்கு தனி சேட்டிலைட் சேனல் ஆரம்பிச்சுது, டிடி 5, பின்னாடி பொதிகை. ஆட்கள் இருந்தாங்க, ஸ்டுடியோ இருந்துச்சு, நாடகக் குழுக்கள் எல்லாம் பழக்கம், ஒய்.ஜி. மகேந்திரன், எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன்னு மேடைக்காரங்க அத்தனை பேரும் அந்த ஸ்டுடியோவுக்கு வந்து போனவங்கதான். பத்து வருஷம் முன்னாடியே ராத்திரி 9 மணிக்கு தமிழ் நாடகம் பாக்குற பழக்கத்த அவங்க உருவாக்கி இருக்கலாம். உருவாக்க விடல. பழக்கம் இல்லாத இடத்துக்கு புதுசா ஒருத்தர் வந்து உக்காந்துட்டார், அவர் மேல எனக்கு கோபமே இல்ல.

கணக்குப்புள்ள:

இப்படிச் சொன்னா ஏத்துக்கலாம். ஆனா கேபிள மறந்துடாதீங்க. தெரு முக்குல வீடியோ டெக் வச்சு படம் போட்டுட்டிருந்த பசங்க தொண்ணூறுகள்ல கேபிள் ஆபரேட்டர் ஆனாங்க, கேபிள் இழுத்தவுடனே மொட்டைமாடி ஆன்டெனாவ இறக்கிட்டாங்க. ஆன்டெனா இறங்குன அன்னைக்கு தூர்தர்ஷன் முப்பது சேனல்ல ஒண்ணாயிடுச்சு. 1995 கேபிள் சட்டத்துல தூர்தர்ஷன கட்டாயம் காட்டணும்னு விதி இருந்துச்சு, காட்டுனாங்கதான், எந்த நம்பர்ல எவ்வளவு தெளிவுலங்கிறது வேற.

நெல்வயல்:

நகரத்துக்காரங்க பேச்சுல ஒளியும் ஒலியும் மட்டும்தான் வருது. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்த நிலையம்னா வயலும் வாழ்வும். அத நிறைய பேர் பொழுதுபோகாத நிகழ்ச்சின்னு நினைப்பாங்க, டிவிய அந்த நேரம் அணைச்சுடுவாங்க. எங்க பஞ்சாயத்து டிவி முன்னாடி அந்த அரை மணி நேரத்துக்குன்னே வந்து உக்கார்ற பெரியவங்க இருந்தாங்க. வேளாண் பல்கலைக்கழகத்து ஆளுங்க வந்து நெல்லுல குலை நோய் எப்படி இருக்கும்னு இலைய கிட்டக்க காட்டுவாங்க. ரேடியோல ஆயிரம் தடவை சொன்னாலும் அந்தப் புள்ளி எப்படி இருக்கும்னு தெரியாது, கண் மாதிரி நடுவுல சாம்பல் நிறம், ஓரத்துல பழுப்புன்னு திரையில பாத்தா மறுநாள் வயல்ல போய் கண்டுபிடிச்சுடலாம். கருப்பு வெள்ளை டிவில நிறம் தெரியாது, ஆனா வடிவம் தெரியும், நிறத்த அவங்க வாயால சொல்லிடுவாங்க.

தனியார் சேனல் எதுவும் இதை தினமும் பிரைம் டைம்ல போடாது, விளம்பரம் வராது. ஒரு பொது நிலையம் எதுக்கு இருக்கணும்னு கேட்டா என் பதில் இதுதான். ரேட்டிங்ல சன் டிவி கூட ஓட வேண்டிய தேவையே இல்ல.

மைக்_டெஸ்ட்:

நெல்வயல் ஐயா சொன்னது ரொம்ப சரி, அந்தக் குழு வாரத்துல பாதி நாள் வெளியூர்லதான் இருக்கும், சேத்துல கேமரா ஸ்டாண்டு நட்டு எடுப்பாங்க. நிலையத்துலயே உழைப்பு அதிகம், பேர் கம்மின்னா அந்தப் பிரிவுதான்.

ஆவணம்_தேடி:

நான் இப்ப ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கேன், நீங்கல்லாம் பேசுற நிகழ்ச்சிகள நான் பாத்ததே இல்ல. தூர்தர்ஷன நடத்துற பிரசார் பாரதியோட ஆர்கைவ்ஸ் யூடியூப் சேனல்ல கச்சேரி, பேட்டின்னு கொஞ்சம் இருக்கு. ஆனா சாதாரணமா ஒரு நாள் சாயங்காலம் மெட்ராஸ்ல என்ன ஓடுச்சோ அது முழுசா எங்கயும் கிடைக்கல. எதிரொலி ஒரு எபிசோட் முழுசா பாக்கணும்னு தேடறேன். எல்லாம் எங்க போச்சு?

மைக்_டெஸ்ட்:

தம்பி, கேக்க கஷ்டமா இருக்கும். நேரடியா போன நிகழ்ச்சி நிறைய பதிவே ஆகல, காத்துல போனதோட சரி. பதிவானதுலயும் டேப்ப அழிச்சு மறுபடி உபயோகிக்கிறது அந்தக் காலத்து வழக்கம். டேப் இறக்குமதி, அந்நியச் செலாவணி கட்டுப்பாடு, கணக்குல ஒவ்வொரு கேசட்டும் சொத்து. ஒரு கச்சேரிக்கு மதிப்புன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால எம்.எஸ். அம்மா, செம்மங்குடி மாதிரியானவங்க பாடுனத பத்திரமா வச்சிருப்பாங்க. அறிவிப்பாளர் வணக்கம் சொன்னது, கடிதம் வாசிச்சது, வானிலை சொன்னது, இதெல்லாம் நாளைக்கு யாருக்கு வேணும்னு நினைச்சாங்க. பிபிசியே எழுபதுகளோட கடைசி வரைக்கும் இப்படித்தான் அழிச்சுட்டு இருந்தான், நம்ம ஊர் மட்டும் இல்ல.

எஞ்சி இருக்கிறது வீட்டு விஎச்எஸ் கேசட்லதான் இருக்கு. எண்பதுகளோட கடைசில விசிஆர் வச்சிருந்தவங்க ஞாயித்துக்கிழமை படத்த பதிவு பண்ணிருப்பாங்க, படத்த விடுங்க அது எங்கயும் கிடைக்கும், படத்துக்கு முன்னாடி பின்னாடி மாட்டுன அறிவிப்பு, விளம்பரம், நடுவுல வர்ற செய்தி, அதுதான் தங்கம்.

தூத்துக்குடி_அலை:

எங்க மாமா வீட்டு பரண்ல ஒரு பெட்டி கேசட்டு கிடக்கு, ரூபவாஹினியும் மெட்ராஸும் கலந்து இருக்கும். ஓரத்துல வெள்ளையா பூத்துப் போயிருக்கு. தொடச்சுட்டு போட்டுப் பாக்கலாமா?

கொடை_டவர்:

அண்ணாச்சி, போடவே போடாதீங்க. அந்த வெள்ளை பூஞ்சை. விசிஆர்ல போட்டா ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், டேப்பும் கிழியலாம். முதல்ல ஈரமில்லாத அறையில சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட மூடின டப்பாவுல சில வாரம் வச்சு காய விடுங்க. அப்புறம் கேசட்ட திறந்து டேப்ப துடைக்கத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க, மாஸ்க் போடாம அதக் கையாளக் கூடாது. கம்ப்யூட்டர் ஃபைலா மாத்தும்போது படத்தோட 576 வரி, இன்டர்லேஸ் (ஒத்தை வரி, இரட்டை வரின்னு மாறி மாறி வர்ற முறை) அப்படியே இருக்கட்டும், நம்மது பால்ங்கிற டிவி சிஸ்டம், வினாடிக்கு 25 ஃப்ரேம். மொதல்லயே அத சின்னதாக்கி போன்ல பாக்குற மாதிரி மாத்திடாதீங்க, ஒரிஜினல் ஃபைல் பெரிசா இருந்தாலும் ஒரு காப்பி வச்சுக்கோங்க. டைம் பேஸ் கரெக்டர், அதாவது டேப்ல இருந்து வர்ற சிக்னலோட நேரத்த சீராக்குற கருவி, இருக்கிற இடமா பாருங்க, இல்லன்னா படம் மேல்பக்கம் வளைஞ்சு ஆடும்.

இன்னொரு சேதி. நம்ம பேசிட்டிருக்கிற அந்த ஆன்டெனா ஒளிபரப்பே இப்ப கிட்டத்தட்ட இல்ல. அனலாக் டிரான்ஸ்மிட்டர எல்லாம் கட்டம் கட்டமா மூடிட்டாங்க, எல்லைப்புறம் மாதிரி முக்கியமான இடங்கள்ல நாடு முழுக்க 50 கிட்டத்தான் மிச்சம் வச்சாங்க. 2016ல சென்னை உள்பட 16 நகரத்துல டிஜிட்டல் டெரஸ்ட்ரியல் ஆரம்பிச்சாங்க, அதப் பிடிக்கிற டிவி எத்தனை பேர் வீட்ல இருந்துச்சு? இப்ப மாச சந்தா இல்லாம பாக்கணும்னா தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ் சேட்டிலைட் சேவைதான். சேனல் பேரும் 2024 ஜனவரில டிடி தமிழ்னு மாறிடுச்சு. பழைய டவர் ஆளுக்கு ஒரே ஒரு ஆசை, அந்த லாக் புக்குகளையாவது யாராச்சும் பழைய பேப்பர் கடைக்குப் போகாம காப்பாத்தணும். எந்த நாள் எத்தனை மணிக்கு எது நின்னுச்சுன்னு அதுல இருக்கு.

ஆவணம்_தேடி:

சார் இது எனக்கு தோணவே இல்ல, லாக் புக் ஒரு பெரிய ஆதாரம். நிகழ்ச்சியே இல்லன்னாலும் என்ன ஓடுச்சுங்கிறத திரும்பக் கட்டிடலாமே.

சேப்பாக்கம்வாசி:

அதுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கு தம்பி. அந்தக் காலத்து தினசரிகள்ல தினமும் டிவி நிகழ்ச்சி நிரல் வரும், மணி வாரியா. கன்னிமாரா நூலகத்துலயும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயும் பழைய பத்திரிகை இருக்கு. ஒவ்வொருத்தரும் ஒரு வருஷத்த எடுத்துக்கிட்டா 1975ல இருந்து 1993 வரைக்கும் ஒரு அட்டவணை போட்டுடலாம், அப்ப தமிழுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைச்சுதுங்கிறது வாதமா இல்லாம எண்ணா நிக்கும். கணக்குப்புள்ள, நீங்க சொன்னது சரியா நான் சொன்னது சரியான்னும் தெரிஞ்சுடும். நான் 1982 எடுத்துக்கறேன், ஆகஸ்டுக்கு முன்னாடி ஏழு மாசம், பின்னாடி நாலு மாசம்.

கணக்குப்புள்ள:

1987 எனக்கு. விளம்பரதாரர் பேரு நிரல்ல போட்டிருந்தா அதையும் அட்டவணைல தனி கட்டம் போட்டு எழுதிடுங்க எல்லாரும், பின்னாடி உதவும்.

வடமராட்சியான்:

யாழ்ப்பாணத்துப் பத்திரிகையளில இந்திய நிகழ்ச்சி நிரல் வந்ததோ எண்டு நான் இஞ்ச பாக்கிறன். கிடைச்சா படம் பிடிச்சுப் போடுறன்.

நெல்வயல்:

வயலும் வாழ்வும்ல அன்னைக்கு என்ன தலைப்புன்னு நிரல்ல போட்டிருந்தா அதையும் விட்டுடாதீங்க தம்பிகளா. எந்த வருஷம் எந்தப் பூச்சி தாக்குச்சுன்னு அதுலயே இருக்கும்.